பெரிய வெள்ளிக்கிழமை வழிபாடும் அதன் உட்பொருளும்

உலகிற் சமயங்கள் பலவாயினும், சடங்கு இல்லாத சமயம் யாண்டும் இல்லை. சொல்லால் உணர்த்தலாகாதவற்றைச் செயலால் உணர்த்துவதே சடங்கின் பயனாம். ஆயினும் காலம் செல்லச் செல்ல, செயல் நிற்கப் பொருள் மறைந்துபோதல் இயல்பு. பொருள் மறைந்த சடங்கினை ஒரு சாரார் வீணென்று இகழ்வர். மற்றொரு சாரார் ஏன் என்று வினவாமலே செய்து போவர். இவ்விரு திறத்தார்க்கும் ஏற்ற மருந்து சரித்திர ஆராய்ச்சி ஒன்றே.

நம் குலத்தாருள் சைவரும் வைணவரும் உளர். கிறிஸ்து சமயத்தைத் தழுவினோரும் உளர். ஒருவர் வீட்டு நன்மை தீமைகளில் மற்றவர் கலந்துகொள்கிறோம். பெண் கொடுத்தும் கொண்டும் உறவாடிய குடும்பங்களும் நம்மிடையே இல்லாமல் இல்லை. அங்ஙனமிருந்தும் ஒருவர் வழிபாட்டின் கருத்தை மற்றவர் அறிந்துகொள்ள முயன்றோமில்லை. பெரிய வெள்ளிக்கிழமையன்று கிறிஸ்தவ உறவினர் ஒருசந்தி இருந்து, அணிகலன் துறந்து, பிற்பகலில் கோயிலுக்குச் செல்வதைக் காண்கிறோம். அங்கே நிகழ்வது யாது? அதன் ஒவ்வொரு செய்கையும் எக்காலத்தில் எந்நாட்டில் தோன்றியது? இவற்றைக் கத்தோலிக்கத் திருச்சபையின் உரோமை முறையை அடியொற்றி ஈண்டு ஒருவாறு விளக்குவாம். இதனை அறிதல் நம் கிறிஸ்தவ அன்பர்க்கே பெரிதும் வேண்டுவது. ஏனெனில், இவ்வழிபாட்டின் நடுவே, குலம் குலமாய்க் கூடும் நம்மனோர் யாவரையும் நோக்கிக் கேட்கப்படும் வினா ஒன்று உளது. அதனை இறுதியிற் காண்பாம்.

பலிபூசை இல்லாத நாள்

கத்தோலிக்கர்க்கு வழிபாட்டின் உச்சி பூசையே. ஆண்டின் ஏனைய நாள்களிலெல்லாம் உலகில் எங்கேனும் ஓரிடத்தில் பூசை நடந்துகொண்டே இருக்கும். அத்தகைய திருச்சபை, தன் தலைவர் உயிர்நீத்த நாளில் மட்டும் பூசை செய்யாது ஒழிகின்றது. இது புதுவழக்கு அன்று. 416-ஆம் ஆண்டில் முதலாம் இன்னோசெந்து பாப்பரசர், இத்தாலி நாட்டுக் குப்பியோ நகரத்து மேற்றிராணியார்க்கு எழுதிய கடிதத்தில், அப்போஸ்தலர்கள் துயருற்று ஒடுங்கியிருந்த அவ்வெள்ளியிலும் சனியிலும் தேவதிரவிய அனுமானங்களை நிறைவேற்றுதல் திருச்சபையின் மரபன்று எனக் குறித்துள்ளார். அவர் காலத்திலேயே அது 'மரபு' எனப் பேசப்படுமாயின், அதன் பழமை சொல்லாமலே விளங்கும்.

முதல்நாள் வியாழன் மாலையில், பூசை முடிந்தபின் பீடத்தின் மீதுள்ள துகில்கள் களையப்படும். மெழுகுதிரிகளும் சிலுவையும் அகற்றப்படும். அவ்வியாழன் பூசையில் உன்னத கீதம் பாடும்போது ஒலித்த மணி, சனிக்கிழமை இரவு உயிர்ப்புப் பூசையில் அக்கீதத்தை மீண்டும் பாடும்வரை நா அசையாது. மணிக்கு மாறாக மரத்தாலாகிய தட்டுக்கருவியை ஒலிப்பது பல இடங்களில் வழக்கு. வெண்கல மணிகள் வருவதற்கு முற்பட்ட காலத்தில், கீழைநாட்டு மடங்களில் மரப்பலகையைத் தட்டியே துறவியரை வழிபாட்டிற்கு அழைத்தனர்.

ஆந்தோன் பௌம்ஸ்தார்க்கு (1872–1948) என்னும் ஜெர்மானிய அறிஞர், கிறிஸ்தவ வழிபாட்டு முறைகளை ஒப்புநோக்கி ஆராய்ந்து ஒரு விதி கண்டார். ஆண்டின் மிகப் புனிதமான நாள்களிலேதான் மிகப் பழைய வழக்கங்கள் அழியாது நிலைபெறும் என்பதே அவ்விதி. இது நமக்கு விளங்காத செய்தியன்று. நாள்தோறும் எவர்சில்வர்ப் பாத்திரத்திற் சமைத்துண்ணும் வீட்டார், தைப்பொங்கலன்று மட்டும் முற்றத்தில் மண்பானை ஏற்றுகின்றனரன்றோ? மற்றை நாள்களில் மாறிப்போனவை அந்நாளில் மாறுவதில்லை. பெரிய வெள்ளி வழிபாடும் அத்தகைய மண்பானையே.

வழிபாடு பெரும்பாலும் பிற்பகல் மூன்று மணிக்குத் தொடங்கும். சேசுநாதர் உயிர்நீத்ததாகச் சுவிசேஷம் கூறும் வேளை அதுவே. வருகைப் பாட்டு இல்லை; வாழ்த்துரை இல்லை. குருவானவர் அரவமின்றி வந்து, துகிலற்ற பீடத்தின் முன் நெடுஞ்சாண்கிடையாய் வீழ்ந்து கிடப்பார். மக்கள் முழந்தாளிட்டிருப்பர். மண்ணினின்று வந்த மனிதன் மண்ணளவாய்த் தாழ்வதையும், திருச்சபையின் துயரத்தையும் இக்கிடை குறிக்கும் என்பர். ஆண்டு முழுதும் பீடத்தின்மேல் நின்று பிறரை ஆசீர்வதிப்பவர், அன்று எல்லாரினும் தாழ்ந்து தரையிற் கிடக்கின்றார். இதுவே அவ்வழிபாட்டின் முதற்பாடம்.

முன்னர் இந்நாளுக்குரிய திருவாடை கருநிறத்தது. 1970-ஆம் ஆண்டு வெளியான பூசைப்புத்தகம் செந்நிறத்தை விதித்தது. கருமை சாவின் துக்கம். செம்மை, தன் குருதியைத் தானே விரும்பி ஈந்தவரின் வெற்றி. நிறம் மாறியது, நோக்கு மாறியதன் அடையாளமாம்.

வாசகமும் மன்றாட்டும்

பின்னர்த் திருநூல் வாசிக்கப்படும். இசையாஸ் தீர்க்கதரிசியின் ஆகமத்தினின்று, பிறர்பொருட்டுத் துன்புறும் ஊழியனைப் பற்றிய பகுதி முதலாவது. எபிரேயர்க்கு எழுதிய நிருபத்தினின்று ஒரு பகுதி இரண்டாவது. அதன்பின் அருளப்பர் சுவிசேஷத்தின் பதினெட்டு, பத்தொன்பதாம் அதிகாரங்களாகிய பாடுகளின் வரலாறு முழுதும் வாசிக்கப்படும். சேசுநாதர் உயிர்நீத்தார் என்னும் இடம் வந்ததும், வாசகம் நின்றுபோக, யாவரும் முழந்தாளிட்டு மௌனமாயிருப்பர்.

இதனையடுத்து வருவது பொது மன்றாட்டு. உரோமைத் திருச்சபையின் மிகப் பழைய வேண்டுதல் முறை இதுவேயாம். இன்ன கருத்துக்காக வேண்டுவோம் என்று முதலில் அறிவித்தலும், முழந்தாளிடும்படி தியாக்கோன் ஏவுதலும், யாவரும் பேசாது வேண்டுதலும், எழுந்தபின் குருவானவர் அனைவர் வேண்டுதலையும் ஒன்றாகத் திரட்டி ஒப்புக்கொடுத்தலும் ஆகிய இவை அதன் உறுப்புகள். பழைய முறையில் மன்றாட்டுகள் ஒன்பது. 1970-ஆம் ஆண்டுப் புத்தகத்திற் பத்து. திருச்சபை, பாப்பரசர், திருநிலையினரும் விசுவாசிகளும், ஞானஸ்நானத்திற்கு ஆயத்தமாவோர், கிறிஸ்தவர்களின் ஒற்றுமை, யூத மக்கள், கிறிஸ்துவை ஏற்காதோர், கடவுளையே நம்பாதோர், நாடாள்வோர், துன்புறுவோர் ஆகிய இவர்கட்காக முறையே வேண்டப்படும். எனவே அம்மன்றாட்டினின்று விலக்கப்பட்ட மனிதர் ஒருவருமிலர் என்பது தெளிவு. கடவுள் இல்லையென்பார்க்கும் ஓரிடம் அதில் உண்டு.

ஒரு மன்றாட்டின் சரித்திரம்

மேற்கூறியவற்றுள் யூதருக்கான மன்றாட்டின் வரலாறு தனியே எடுத்துரைக்கத் தக்கது. ஒரு சடங்கு எவ்வாறு கெடும், கெட்டது எவ்வாறு சீர்ப்படும் என்பதற்கு இதனினும் சிறந்த சான்று காண்டல் அரிது.

தொடக்கத்தில் ஏனை மன்றாட்டுகளைப் போலவே இதற்கும் மக்கள் முழந்தாளிட்டனர். ஒன்பதாம் நூற்றாண்டளவில், பிராங்கியர் நாட்டில் இம்மன்றாட்டுக்கு மட்டும் முழந்தாளிடுதல் விலக்கப்பட்டது. அதற்குக் காரணம் கூறப்புகுந்த மெத்ஸ் நகரத்து அமலாரியு என்பார், சேசுநாதரை எள்ளி முழந்தாளிட்டவர்களின் செயலை நாமும் செய்தலாகாது என்றார். ஆனால் சுவிசேஷத்தைத் திறந்து பார்ப்போர்க்கு உண்மை உடனே விளங்கும். முள்முடி சூட்டி, முழந்தாளிட்டு எள்ளினவர்கள் உரோமைத் தேசாதிபதியின் போர்வீரர்களேயன்றி யூத மக்கள் அல்லர். வழக்கம் முந்திற்று, காரணம் பிந்திற்று. வெறுப்பு முதலில் வந்து அமர்ந்துகொண்டது. அதற்கு இருக்கை பின்னர்த் தேடப்பட்டது.

அம்மன்றாட்டில் யூதரைக் குறிக்க வழங்கிய இலத்தீன் அடைமொழி, பழங்காலத்தில் 'விசுவாசம் இல்லாத' என்னும் அளவிலேயே பொருள்பட்டது. ஐரோப்பிய மொழிகளில் அச்சொல் திரிந்து, 'வஞ்சகமுள்ள' என்னும் பொருளையே தந்தது. ஆண்டுதோறும் கோயிலில் ஒரு கூட்டத்தாரை அவ்வடைமொழியாற் கூறக் கேட்ட மக்கள் நெஞ்சில் என்ன விளையும்? 1215-ஆம் ஆண்டில் கூடிய நான்காம் இலாத்தரான் பொதுச்சங்கம், பாஸ்குவுக்கு முந்திய அத்துக்க நாள்களில் யூதர் வெளியே நடமாடலாகாது என்று விதி செய்தது. அவர்கள் துக்கநாளை மதியாது நடக்கின்றனர் என்பது அவ்விதிக்குச் சொல்லப்பட்ட காரணம். பரிசுத்த வாரம் பல ஊர்களில் யூதர்க்கு அச்சம் தரும் வாரமாகவே இருந்தது. அன்பின் நாளென்று போற்றப்படும் நாளில் அயலார் கதவடைத்து உள்ளே இருக்க வேண்டியதாயிற்று என்றால், அதனைவிட முரண் வேறு யாது?

இதனை மாற்றும்படி கேட்ட குரலொன்று திருச்சபைக்குள்ளிருந்தே எழுந்தது. 1926-ஆம் ஆண்டில் உரோமையில் தொடங்கப்பட்ட 'இஸ்ராயேலின் நண்பர்' என்னும் குருக்கள் சங்கம், அவ்வடைமொழியை நீக்கி, முழந்தாளிடுதலை மீட்க வேண்டுமென விண்ணப்பித்தது. விண்ணப்பம் மறுக்கப்பட்டது, 1928-ஆம் ஆண்டில் அச்சங்கமும் கலைக்கப்பட்டது. பதினான்கு ஆண்டுகள் செல்லுமுன்னரே ஐரோப்பாவில் யூதரைக் கூட்டங்கூட்டமாய்க் கொல்லும் கொடுமை முழுவேகங்கொண்டது. அக்கொடுமையில் மனைவியையும் மகளையும் இழந்த ழூல் இசாக்கு என்னும் பிரெஞ்சு யூதச் சரித்திராசிரியர், 1949-ஆம் ஆண்டில் 12-ஆம் பத்திநாதர் பாப்பரசரைக் கண்டு, இம்மன்றாட்டைப் பற்றி முறையிட்டார். 1955-ஆம் ஆண்டுச் சீர்திருத்தத்தில் முழந்தாளிடுதல் மீண்டும் வந்தது. 1959-ஆம் ஆண்டுப் பெரிய வெள்ளியன்று 23-ஆம் அருளப்பர் பாப்பரசர் அவ்வடைமொழியை நீக்குவித்தார். 1965-ஆம் ஆண்டு அக்டோபர் 28-ஆம் நாள் இரண்டாம் வத்திக்கான் பொதுச்சங்கம், சேசுநாதரின் பாடுகளுக்காக அக்காலத்து யூதர் அனைவரையுமோ இக்காலத்து யூதரையோ குற்றஞ்சாட்டுதல் தகாது என அறிவித்தது. 1970-ஆம் ஆண்டுப் புத்தகத்து மன்றாட்டு, கடவுள் முதன்முதல் யாரோடு பேசினாரோ அம்மக்கள் அவர்தம் நாமத்தின் அன்பிலும் உடன்படிக்கையின் உறுதியிலும் வளர வேண்டும் என்னும் கருத்தில் அமைந்தது.

ஆயிரத்து நூறு ஆண்டுக்கு மேற்பட்ட வழக்கம் ஒன்று, தவறெனத் தெளிந்தபின் நீக்கப்பட்டது. அதனால் வழிபாடு குலைந்துபோயிற்றா? இல்லை, முன்னையினும் பழமையான தன் முதல் வடிவத்தையே அது திரும்பப் பெற்றது. 'தொன்றுதொட்டு வந்தது' என்பார் எவ்வளவு தொன்று என்று ஆராய்தல் வேண்டும் என்பதற்கு இது நல்ல எடுத்துக்காட்டாம்.

எருசலேமில் தொடங்கிய சிலுவை வணக்கம்

மன்றாட்டுக்குப் பின் நிகழ்வது சிலுவை வணக்கம். இது எருசலேம் நகரத்தினின்று வந்தது. சேசுநாதர் அறையுண்டதாகக் கருதப்படும் இடத்திலும் கல்லறையிலும் கொன்ஸ்தந்தீன் சக்கரவர்த்தி எடுப்பித்த பேராலயம் 335-ஆம் ஆண்டில் அபிஷேகம் செய்யப்பட்டது. சிலுவையின் மரத்துண்டுகள் உலகெங்கும் பரவியிருப்பதாக, அடுத்த சில ஆண்டுகளிலேயே எருசலேம் மேற்றிராணியார் சிரில் தம் உபதேசங்களிற் கூறியுள்ளார். அச்சிலுவையைக் கண்டெடுத்தவர் சக்கரவர்த்தியின் தாயார் எலேனம்மாள் என்பது அந்நூற்றாண்டின் இறுதியில் எழுதப்பட்டு வழங்கும் பாரம்பரியம்.

அக்காலத்தே மேலைத்தேயத்தினின்று எருசலேமுக்கு யாத்திரை சென்ற எகேரியா என்னும் பெண்மணி, 381 முதல் 384 வரையிலான ஆண்டுகளில் தாம் கண்டவற்றைத் தம் சகோதரிகட்கு எழுதி வைத்தார். அவ்வேடு நெடுங்காலம் மறைந்துகிடந்து, 1884-ஆம் ஆண்டில் இத்தாலி நாட்டு அரெத்சோ நகரத்திற் கண்டெடுக்கப்பட்டது. பெரிய வெள்ளியின் மிகப் பழைய நேர்முக வருணனை அதிலேயே உளது. ஒரு பெண்ணின் எழுத்தாலன்றோ இவ்வளவும் நாம் அறியப்பெற்றோம்!

அவர் கூறுவதன் சாரம் வருமாறு: கொல்கொத்தாவில் மேற்றிராணியார்க்கு ஆசனம் இடப்படும். அவர் முன் வெண்டுகில் விரித்த மேசை வைக்கப்படும். பொன்முலாம் பூசிய வெள்ளிப் பேழையினின்று சிலுவை மரத்தையும், அதன்மேல் எழுதிவைத்திருந்த பலகையையும் எடுத்து மேசைமேல் வைப்பர். மேற்றிராணியார் அமர்ந்தபடியே மரத்தின் இருதலைகளையும் தம் கைகளால் அழுத்திப் பிடித்திருப்பார். தியாக்கோன்மார் சூழ்ந்து காவல்நிற்பர். மக்கள் ஒருவர்பின் ஒருவராய் ஒரு வாயிலால் நுழைந்து, குனிந்து, முதலில் நெற்றியாலும் பின்னர்க் கண்களாலும் மரத்தைத் தொட்டு, முத்தமிட்டு, மற்றொரு வாயிலால் வெளியேறுவர். கையால் ஒருவரும் தொடார். முன்பு ஒருவன் முத்தமிடுவான் போலக் குனிந்து, மரத்திற் சிறிது கடித்துக் கவர்ந்துசென்றானாம். அதனாலேயே இத்துணைக் காவல். காலை எட்டு மணியளவில் தொடங்கி நண்பகல் வரை இவ்வாறு நடைபெறும். பின்பு மூன்று மணி நேரம் வெட்டவெளி முற்றத்தில் திருநூல் வாசகம் நிகழும். அதனைக் கேட்டு அழாதார் பெரியோரிலும் இல்லை, சிறியோரிலும் இல்லை.

இவ்வருணனையில் ஒரு குறிப்பு ஊன்றி நோக்கற்பாலது. முத்தமிட்டுச் செல்வோர் விசுவாசிகள் மட்டுமல்லர். ஞானஸ்நானம் பெறாது ஆயத்தநிலையில் இருந்தவர்களும் அவ்வரிசையிற் சென்றனர் என்கிறார் எகேரியா. பூசையின் நடுவே வெளியே அனுப்பப்பட்டவர்கள், சிலுவையண்டை அனுப்பப்பட்டிலர். பந்தியில் இருக்கையில்லாதார்க்கும் சிலுவையடியில் இடமிருந்தது.

எருசலேம் வழக்கம், சிலுவை மரத்துண்டுகளோடு பிற நாடுகளுக்கும் பரவிற்று. 569-ஆம் ஆண்டில் பிரான்சு நாட்டுப் புவாத்தியே நகரத்து இராதகுந்தம்மாள் அத்தகைய துண்டொன்றைக் கொன்ஸ்தந்தினோப்பிள் சக்கரவர்த்தியிடமிருந்து பெற்றார். அதன் வரவேற்பை ஒட்டி வெனாந்தியு போர்த்துனாத்து என்னும் புலவர் இயற்றிய கீதங்கள், இன்றும் பெரிய வாரத்திற் பாடப்படுகின்றன. உரோமையிலே எட்டாம் நூற்றாண்டின் சடங்கேடு ஒன்று, பாப்பரசர் வெறுங்காலராய்த் தூபக்கலசம் ஏந்தி, இலாத்தரான் அரண்மனையினின்று 'எருசலேமின் திருச்சிலுவை' என்னும் ஆலயம்வரை நடந்துசென்ற முறையைக் கூறுகின்றது. மண்ணுலக மன்னரும் வணங்கும் நிலையினர், தூபம் ஏந்தும் ஊழியம் பூண்டு, செருப்பின்றி நடந்தனர். இன்றும் குருவானவர் மேலாடையும் பாதரட்சையும் களைந்து முதற்கண் சிலுவையை வணங்கலாம் என்பது விதி. செருப்பைக் கழற்றாது கோயில் புகாத நம்மவர்க்கு இதன் கருத்தை விரித்துரைக்க வேண்டுவதில்லை.

மூடிய சிலுவையை மும்முறை சிறிது சிறிதாகத் திறந்து, ஒவ்வொரு முறையும் குரலை உயர்த்திப் பாடுதல் மத்திய காலத்திற் சேர்ந்தது. வணக்கத்தின்போது, தன் மக்களை நோக்கிக் கடவுள் முறையிடுவதாக அமைந்த பாட்டும், அதனிடையே கிரேக்க மொழியிலேயே வரும் முப்பரிசுத்தத் துதியும் பாடப்படும். இலத்தீன் வழிபாட்டின் நடுவே கிரேக்கம் நிற்பது, கீழைத்தேயத்தினின்று வந்த வழியைக் காட்டும் சுவடாம்.

நற்கருணையும் மௌனமும்

சிலுவை வணக்கத்தின்பின், முதல்நாள் வியாழன் பூசையில் வசீகரித்து வைக்கப்பட்ட நற்கருணை வழங்கப்படும். மத்திய காலத்தின் பிற்பகுதியிலிருந்து 1955-ஆம் ஆண்டு வரை, குருவானவர் ஒருவரே அதனை உட்கொண்டார், மக்கள் நோக்கியிருந்தனர். அன்றியும் வழிபாட்டு நேரம் காலப்போக்கிற் காலைக்கு நகர்ந்து, வேலைக்குச் செல்வோர் வரவியலாத பொழுதாயிற்று. 1955-ஆம் ஆண்டு நவம்பர் 16-ஆம் நாள் வெளியான ஆணையால், வழிபாடு பிற்பகலுக்கு மீண்டது. நற்கருணையும் மக்கள் அனைவர்க்கும் உரியதாயிற்று.

இலத்தீன் அறியாத தமிழ்க் கிறிஸ்தவர்கள் அந்நெடுங்காலத்தில் என்செய்தனர் எனின், தம் துயரத்தைத் தம் மொழியிலேயே பாடிக்கொண்டனர். கோவாவிற் பிறந்து இலங்கையில் ஊழியம் செய்த ஜாக்கோமே கொன்சால்வெஸ் சுவாமியார் (1676–1742) தமிழில் இயற்றிய வியாகுலப் பிரசங்கம் இதற்குத் துணையாயிற்று. தவசுகாலத்தில் அதனை ஒப்பாரி இசையில் ஓதக் கேட்டோர், பீடத்தில் நிகழ்வது விளங்காவிடினும், நிகழ்ந்தது யாதென்று உணர்ந்தழுதனர்.

இறுதியில் மணியுமில்லை, பாட்டுமில்லை. வந்தவாறே யாவரும் மௌனமாய்க் கலைவர். பீடம் மீண்டும் துகிலற்று நிற்கும்.

ஒரே சிலுவை

இனி, தொடக்கத்திற் குறித்த வினாவிற்கு வருவோம். சிலுவை வணக்கத்திற்குத் திருச்சபை விதித்துள்ள ஒழுங்குகளுள் ஒன்று, வணக்கத்திற்கு ஒரே சிலுவையைத்தான் வைத்தல் வேண்டும் என்பது. 1988-ஆம் ஆண்டு வெளியான உரோமைச் சுற்றுமடல், சடங்கின் அடையாளம் நிறைவுறுதற்கு அவ்வொருமை வேண்டும் எனக் காரணமும் காட்டுகின்றது. கூட்டம் மிகுந்து ஒவ்வொருவராய் வருதல் இயலாதாயின், பல சிலுவைகளை நிறுத்தற்க. அவ்வொன்றையே உயர்த்திப் பிடிக்க, யாவரும் நின்றவிடத்தே மௌனமாய் வணங்குக என்பதே விதி. 2020-ஆம் ஆண்டில் கொள்ளைநோய் பரவியபோது குருவானவர் மட்டும் முத்தமிடுமாறு உரோமை ஆணையிட்டது. அப்போதும் சிலுவை ஒன்றே.

இவ்விதியை நம் நாட்டுச் சரித்திரத்தின் பக்கத்தில் வைத்துப் பார்ப்போம். திருநெல்வேலிச் சீமையில் வடக்கன்குளம் என்னும் ஊரில், 1872-ஆம் ஆண்டில் ஓர் ஆலயம் எழுந்தது. இரு கால்சட்டைக் கால்கள் இடுப்பிற் சேர்வதுபோல, இரு நீண்ட கூடங்கள் பீடத்தண்டை கூடுமாறு அது கட்டப்பட்டது. குலவேறுபாடு பாராட்டிய கிறிஸ்தவர்கள், ஒரு சாராரை மற்றொரு சாரார் காணாமலும் தீண்டாமலும் ஒரே பூசை காணுதற்கே அவ்வமைப்பு. 1910-ஆம் ஆண்டில் அவ்வாலயத்துப் பங்குக்குருவாயிருந்த கௌசானல் சுவாமியார், இடையிலிருந்த தடுப்பை இடித்தார். வழக்கு எழுந்து சென்னை உயர்நீதிமன்றம்வரை சென்றது. ஆலயத்துள் தனியிடம் தமக்கு உரிமையென்று கோரியோர் பக்கம் தீர்ப்பு அமையவில்லை. அவ்வூரிலேயே 1745-ஆம் ஆண்டில் ஞானஸ்நானம் பெற்ற தேவசகாயம் என்பார், 2022-ஆம் ஆண்டு மே 15-ஆம் நாள் உரோமையில் அர்ச்சியசிஷ்டராக உயர்த்தப்பட்டபோது, அவர் பெயரோடு வழங்கிவந்த குலப்பட்டம் விடப்பட்டது.

வடக்கன்குளத்தைப் பிறர் ஊர்க்கதையென்று நாம் தள்ளிவிடலாகாது. தனித்தனி இருக்கைகளும், தனித்தனிக் கல்லறைத் தோட்டங்களும், தேர் வடம் பிடிப்பதில் முதன்மை பற்றிய பூசல்களும் தமிழ்நாட்டுக் கிறிஸ்தவரிடையே பலவிடங்களிற் காணப்பட்டவை. அவற்றிற்கெல்லாம் கூறப்பட்ட காரணம் ஒன்றே: 'முன்னோர் வழக்கம்.' முழந்தாளிடாமைக்கு அமலாரியு கூறிய காரணம் போன்றதே இதுவும். வேறுபாடு முதலில் நுழைந்தது. காரணம் பின்னர்ப் பின்னப்பட்டது. சிலுவையடிக்கு எகேரியா கண்ட வரிசையோ இவ்வழக்கங்கள் யாவற்றினும் முந்தியது. அவ்வரிசையில் ஒரே வாயில்; ஒரே மரம். மேற்றிராணியார் பிடித்திருந்தது கள்வனுக்கு அஞ்சியேயன்றித் தாழ்ந்தவன் தீண்டுவானென்று அஞ்சியன்று.

நம் சங்கத்தின்மேற் குறைகூறும் பொருட்டு இதனை எழுதினோமல்லோம். ஏழை மாணாக்கர்க்குக் கல்வியுதவியும், இடருற்ற குடும்பங்கட்குத் துணையும், முன்னேறாதார்க்கு முன்னேற்றமும் நாடியே நம் முன்னோர் இதனைக் கண்டனர். உறவினர் உறவினரைத் தாங்குதல் அறமே. ஆனால் தாங்குதல் வேறு, தடுத்தல் வேறு. குலம் ஊன்றுகோலாய் இருக்குமளவும் நன்று. அதுவே பிறர் வழிமறிக்கும் தடியாகுமாயின், அக்கணமே அதனைக் கீழேபோடுதல் கடன். இவ்வளவுகோல் கிறிஸ்தவ அன்பர்க்கு மட்டுமன்று. கோயில் நுழைவின் சரித்திரத்தை அறிந்த நம் சைவ வைணவ அன்பர்க்கும் ஒக்கும். எந்த வாயிலில் நம் முன்னோர் தடுக்கப்பட்டனரோ, அவ்வாயிலில் நாம் பிறரைத் தடுத்து நிற்போமாயின், பட்ட துன்பத்தினால் நாம் கற்றது ஒன்றுமில்லை.

ஆதலின், வரும் பெரிய வெள்ளியன்று சிலுவை வணக்கத்திற்கு வரிசையில் நிற்கும் நம்மவர், தமக்கு முன் நிற்பவர் யார், பின் நிற்பவர் யார் என்று நோக்காதிருப்பாராக. நோக்க நேரின், முன் நிற்பவர்க்கு வழிவிட்டும், பின் நிற்பவர்க்கு இடந்தந்தும் நிற்பாராக. வணக்கத்திற்கு வைக்கப்பட்டிருப்பது ஒரே சிலுவை. அதனைக் கிட்டும் வழியும் ஒன்றே.